இளம் கால்பந்து வீரர்களின் தாவும் ஆற்றலுக்குப் பிளையோமெட்ரிக் பயிற்சி: பத்து வாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

பெங்களூரின் அல்சூர், ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன், கௌதம்புரா பகுதிகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கால்பந்து தாத்தா காலத்திலிருந்து கைமாறி வந்த சொத்து. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இந்த ஊர்க்காரர். கௌதம்புராவில் பெலேவுக்குச் சிலையே உண்டு. குறுகிய சந்திலும் செம்மண் திடலிலும் ஆடிப் பழகியதால் இந்தப் பிள்ளைகளுக்குப் பந்தைக் காலோடு ஒட்டவைத்து எடுத்துச் செல்லும் திறமை இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆனால் கார்னர் கிக் ஒன்று உயரமாக வந்துவிட்டால், அதே பிள்ளைகள் பந்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிடுகிறார்கள். உயரம் குறைவு என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. பெங்களூரு எஃப்.சி.யின் சுனில் சேத்ரி ஏறத்தாழ 170 செ.மீ. உயரம்தான். தன்னைவிட உயரமான டிஃபெண்டர்களுக்கு நடுவே எழும்பித் தலையால் அவர் அடித்த கோல்களைக் கண்டீரவா மைதானத்தில் பார்த்தவர்கள், தாவுவதற்கான நேரமும் வேகமும் எவ்வளவு முக்கியம் என்பதை உணர்ந்திருப்பார்கள். அந்த ஆற்றலைப் பயிற்சியால் வளர்க்க முடியும்.

இந்த வழிகாட்டி 11 முதல் 16 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியருக்கானது. வார இறுதிகளிலும் மாலைகளிலும் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தரும் என்னைப் போன்றவர்களையும், பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். தொடக்கத்திலேயே என் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பயிற்சியளிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், பெரியவர்களுக்கான ஒரு பயிற்சிமுறையை அப்படியே எடுத்து, 13 வயதுப் பிள்ளைகளைச் சிமென்ட் காலரிப் படிகளில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை குதிக்கவைத்தேன். நான்காவது வாரம் ஒரு சிறுவன் முழங்காலுக்குக் கீழே புடைத்திருந்த எலும்பைத் தொட்டுக் காட்டி, படி ஏறினால் வலிக்கிறது என்றான். அவனுக்கு வந்திருந்தது ஆஸ்குட் ஷ்லாட்டர் என்னும் வளர்பருவ முழங்கால் வலி. அந்தப் பருவம் முழுக்க அவன் ஆட்டத்தை வெளியே உட்கார்ந்துதான் பார்த்தான். குதிக்கக் கற்றுக்கொடுக்கும் முன் தரையிறங்கக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்பதை அவனுடைய முழங்கால்தான் எனக்குப் புரியவைத்தது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தப் பாடத்தின் மீதே நிற்கிறது.

பிளையோமெட்ரிக் எப்படி வேலை செய்கிறது

பச்சைக் குதிரை தாண்டும் பிள்ளையைக் கவனியுங்கள். தாண்டுவதற்குச் சற்று முன் முழங்காலைச் சட்டென்று மடக்கித் தாழ்ந்து, உடனே எம்புகிறது. அந்தச் சிறு தாழ்தலில் தொடைத் தசைகளும், கெண்டைக்கால் தசைகளும், குதிகாலை அவற்றோடு இணைக்கும் அகிலிஸ் தசைநாணும் இழுபடுகின்றன. இழுபட்ட தசைநாண், இழுத்த ரப்பரைப் போலச் சிறிது ஆற்றலைத் தேக்கிவைக்கிறது. அதோடு, தசைக்குள் இருக்கும் உணர்விழைகள் திடீர் இழுப்பை உணர்ந்து, தசையைச் சுருங்கச் சொல்லும் ஆணை தண்டுவடம் வழியாக உடனே வரும்படியும் செய்கின்றன. தாழ்ந்த கணத்திலேயே எம்பினால் இவ்விரண்டும் எம்புதலுக்குத் துணை நிற்கும். தாழ்ந்தபின் ஒரு நொடி தயங்கினால் தேங்கிய ஆற்றல் வெப்பமாகக் கரைந்துவிடும், தசை தன் சொந்த வலுவை மட்டும் கொண்டே உடலைத் தூக்க வேண்டியிருக்கும். தாழ்தல், நொடிக்கும் குறைவான இடைநிலை, எம்புதல் என்ற இந்த மூன்று பகுதிகளில் நடுவிலுள்ள இடைநிலையைச் சுருக்குவதுதான் பிளையோமெட்ரிக் பயிற்சியின் நோக்கம்.

தரையைத் தொட்டு மீண்டும் எழும் நேரம் கால் நொடிக்கும், அதாவது 250 மில்லி நொடிக்கும் குறைவாக இருந்தால் அதை வேகமான தாவல் என்றும், அதற்கு மேற்பட்டால் மெதுவான தாவல் என்றும் பிரிப்பது வழக்கம். நின்ற இடத்திலிருந்து ஹெட்டருக்கு, அதாவது பந்தைத் தலையால் அடிப்பதற்கு, எம்புவது இரண்டாம் வகை. ஓடிவந்து ஒற்றைக் காலில் எழும்புவதும், சட்டென்று திசை மாற்றி ஓடுவதும் முதல் வகைக்கு நெருக்கமானவை. கால்பந்தில் இரண்டுமே வேண்டும். அதனால்தான் ஒரே விதமான குதியைத் திரும்பத் திரும்பச் செய்வதால் பயன் குறைகிறது.

சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி, உயரத்திலிருந்து இறங்கி உடனே எம்பும் முறையை 1960களில் தடகள வீரர்களுக்காக வளர்த்தெடுத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் அதிர்ச்சி முறை. பிளையோமெட்ரிக் என்ற சொல் 1975 வாக்கில் அமெரிக்கரான ஃபிரெட் வில்ட் வழியாகப் பரவியது. இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் இருக்கிறது. உயரமான பெட்டியிலிருந்து குதித்து எம்பும் காட்சிதான் இன்று கைப்பேசிக் காணொளிகளில் பிள்ளைகளின் கண்ணில் முதலில் படுகிறது. அதுவோ ஆண்டுக்கணக்கில் பளு தூக்கி உரமேறிய பெரியவர்களுக்காக உருவான முறையின் உச்சி. நம் பிள்ளைகள் தொடங்க வேண்டிய இடம் நொண்டியும் பாண்டியும் கயிறு தாண்டுதலும்தான். கன்னடத்துப் பிள்ளைகள் குண்ட்டெபில்லெ என்று ஆடும் அதே பாண்டி, ஒற்றைக் காலில் சிறு சிறு தாவல்களைத் துல்லியமாகச் செய்து, கோட்டை மிதிக்காமல் நிலைத்து நிற்கப் பழக்குகிறது. பெயர் தெரியாமலே நம் பாட்டிமார் நல்ல பிளையோமெட்ரிக் பயிற்சியைச் செய்திருக்கிறார்கள்.

முதற்படி: பிள்ளை தயாராக இருக்கிறதா என்று பார்த்தல்

வயதைவிட உடலின் நிலையைப் பாருங்கள். சொல்வதைக் கேட்டு அதன்படி செய்யும் பக்குவம் வந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தபடி ஒவ்வொரு காலிலும் 30 நொடி ஆடாமல் நிற்க வேண்டும். குதிகால் தரையைவிட்டு எழாமலும் முழங்கால்கள் உள்நோக்கிச் சாயாமலும் பத்து முறை உட்கார்ந்து எழ வேண்டும். சுவரை விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் 15 முறை முன்பாதத்தின் மேல் எழும்ப வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்று வரவில்லையென்றால், அந்தப் பிள்ளைக்கு முதலில் மூன்று நான்கு வாரம் உட்கார்ந்து எழுதல், முன்கால் வைத்துத் தாழ்தல், இடுப்பைத் தூக்கும் பாலம், முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகப் பிடிக்கும் பிளாங்க், கெண்டைக்கால் பயிற்சி ஆகியவற்றை மட்டும் கொடுங்கள். நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்து, வளர்ச்சி. சிறுமியருக்கு 12 வயதையொட்டியும் சிறுவருக்கு 14 வயதையொட்டியும் உயரம் மிக வேகமாகக் கூடும். எலும்பு முந்திக்கொண்டு நீள, தசையும் தசைநாணும் அதன் பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும். தசைநாண் எலும்போடு சேரும் இடங்கள் இந்த மாதங்களில் எளிதில் நோகும். முழங்காலுக்குக் கீழே வந்தால் முன்னர் சொன்ன ஆஸ்குட் ஷ்லாட்டர், குதிகாலில் வந்தால் சீவர் நோய். ஆகவே மாதத்தின் முதல் ஞாயிறு அன்று எல்லாப் பிள்ளைகளின் உயரத்தையும் சுவரில் அளந்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மாதத்துக்கு 0.6 செ.மீ.க்கு மேல் வளர்கிற பிள்ளைக்குத் தாவல்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கிவிட்டு, சமநிலைப் பயிற்சிக்கும் தரையிறங்கும் பயிற்சிக்கும் கூடுதல் நேரம் கொடுங்கள். அந்த மாதங்களில் நேற்றுவரை நன்றாகத் தாவிய பிள்ளை திடீரென்று கைகால் தெரியாமல் தடுமாறுவதுண்டு. சோம்பல் என்று திட்டிவிடாதீர்கள், நீண்டுவிட்ட கால்களுக்கு மூளை பழகிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் படி: தரையும் காலணியும்

பெங்களூரில் நல்ல தரை கிடைப்பது அரிது. புல் இருந்தால் அதுவே முதல் தேர்வு. செம்மண் திடல் கோடையில் கல்லாக இறுகிவிடுவதால், பயிற்சிக்கு ஒதுக்கும் மூலையில் மண்ணைக் கொத்திவிட்டு நீர் தெளித்துச் சமன்படுத்திக்கொள்ளலாம். வாடகைக்குக் கிடைக்கும் செயற்கைப் புல் திடல்களில் ரப்பர்த் துகள் போதுமான அளவு இருக்கிறதா, அல்லது காங்கிரீட்மீது விரித்த வெறும் கம்பளமா என்பதைக் குதிகாலால் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். மொட்டை மாடியும் தார்ச்சாலையும் வேண்டாம். ஆழமான மணலும் இந்த வேலைக்குப் பொருந்தாது, ஏனென்றால் மணல் இழுபட்ட தசைநாணின் ஆற்றலை விழுங்கி, தரைத்தொடு நேரத்தை நீட்டிவிடும். மழை பெய்த மாலையில் வழுக்கும் தரையில் தாவலை விட்டுவிட்டுப் பந்துப் பயிற்சியோடு முடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டட் வைத்த பூட்ஸ் கெட்டித் தரையில் பாதத்தைப் பூட்டிவிடுவதால் முழங்கால் திருகும் ஆபத்து உண்டு. தட்டையான அடிப்பாகமுள்ள சாதாரண விளையாட்டுக் காலணி போதும். விலை உயர்ந்த காலணி தேவையில்லை. நாடா இறுகக் கட்டியிருக்க வேண்டும்.

மூன்றாம் படி: தொடக்க அளவு

அளக்காமல் தொடங்கினால் பத்து வாரத்துக்குப் பிறகு வெறும் அபிப்பிராயம்தான் மிஞ்சும். மிக எளிய வழி சாக்பீஸ். பிள்ளையின் நடுவிரல் நுனியில் சாக்பீஸ் தூளைத் தடவி, சுவரோரமாக நிற்கவைத்து, கையை உயர்த்தி முதல் குறி இடச் சொல்லுங்கள். குதிகால் தரையில் பதிந்திருக்கிறதா என்று நீங்கள் குனிந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாப் பிள்ளைகளும் இங்கேதான் ஒரு செ.மீ. திருடப் பார்ப்பார்கள். பிறகு தாழ்ந்து எம்பி இரண்டாம் குறி. மூன்று முறை எம்பச் சொல்லி, சிறந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரமே தாவல் உயரம்.

நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வசதி உங்கள் கைப்பேசியில் இருந்தால் இன்னும் துல்லியமாக அளக்கலாம். பாதங்கள் தரையைவிட்டு நீங்கிய படத்திலிருந்து மீண்டும் தொட்ட படம்வரை எண்ணி, அதை 240ஆல் வகுத்தால் காற்றில் இருந்த நேரம் நொடிகளில் கிடைக்கும். அந்த நேரத்தை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 122.6ஆல் பெருக்கினால் உயரம் செ.மீ.யில் வரும். 120 படங்கள் என்றால் அரை நொடி, உயரம் ஏறத்தாழ 30.6 செ.மீ. 132 படங்கள் என்றால் 0.55 நொடி, உயரம் 37 செ.மீ. வெறும் 12 படங்களின் வேறுபாடு ஆறரை செ.மீ. ஆகிறது என்பதைப் பார்க்கும்போது, எண்ணுவதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பது விளங்கும். தரையைத் தொடும் கணத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டால் நேரம் பொய்யாக நீளும். எனவே நீட்டிய காலோடு தரையைத் தொட்டு, அதன் பிறகே மடக்கச் சொல்லுங்கள்.

இதே முறையில் இன்னொரு தாவலையும் அளந்துகொள்ளுங்கள். பாதி உட்கார்ந்த நிலையில் மூன்று நொடி அசையாமல் இருந்து, மேலும் தாழாமல் அப்படியே எம்ப வேண்டும், இரண்டு கைகளும் இடுப்பில் இருக்க வேண்டும். அடுத்து, கைகளை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, இயல்பாகத் தாழ்ந்து எம்ப வேண்டும். இரண்டாவது உயரம் முதலாவதைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால், பிள்ளை தசைநாணின் ஆற்றலைப் பயன்படுத்துகிறது என்று பொருள். இரண்டும் ஏறக்குறைய சமமென்றால், வலு இருந்தும் துள்ளல் வரவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் இந்தப் பயிற்சி அதிகப் பலன் தரும். கடைசியாக, ஒற்றைக் காலில் முன்னோக்கித் தாவி நிலைத்து நிற்கும் தூரத்தை நாடாவால் இரு கால்களுக்கும் அளந்துகொள்ளுங்கள். வேறுபாடு பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், வலுக்குறைந்த காலுக்கு ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு சுற்று கூட்டுங்கள்.

நான்காம் படி: வாரத்தில் எங்கே வைப்பது, உடலை எப்படிச் சூடேற்றுவது

வாரத்துக்கு இரண்டு நாள் போதும், இரண்டுக்கும் நடுவே குறைந்தது 48 மணி நேர ஓய்வு வேண்டும். ஞாயிறு அன்று போட்டி என்றால் செவ்வாயும் வியாழனும் பொருத்தம். பந்துப் பயிற்சிக்கு முன்பு, உடல் சூடேறியவுடன், முடித்துவிடுங்கள். பயிற்சியின் கடைசியில், கால்கள் துவண்டபின், தண்டனையாகக் குதிக்கவைக்கும் பழக்கம் இந்த ஊரிலும் இருக்கிறது. களைத்த காலால் தாவும் பிள்ளை மெதுவாகத் தாவவும் கோணலாக இறங்கவும் பழகிக்கொள்கிறது, அந்தப் பழக்கத்தை மாற்ற மாதங்கள் ஆகும்.

சூடேற்றலுக்கு ஃபிஃபா 11+ என்னும் பயிற்சித் தொகுப்பைப் பரிந்துரைக்கிறேன். 15 பயிற்சிகளைக் கொண்டு ஏறத்தாழ 20 நிமிடத்தில் முடியும் அந்தத் தொகுப்பு, கால்பந்துக் காயங்களைக் குறைப்பதற்காகவே உருவானது. தாவல் நாள்களில் அதன் ஓட்டப் பகுதியை மட்டும் எட்டு நிமிடம் செய்துவிட்டு, கணுக்காலையும் இடுப்பையும் சுழற்றி அசைத்து, மெதுவாகக் கயிறு தாண்டச் செய்தால் போதும். தசையை நீட்டி நெடுநேரம் அப்படியே பிடித்துவைத்திருக்கும் நீட்டல்களைத் தாவலுக்கு முன்பு தவிர்த்து, பயிற்சி முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: முதல் மூன்று வாரங்கள், தரையிறங்குதல்

இந்த வாரங்கள் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும். "அண்ணா, இன்னைக்கும் நிக்கத்தானா?" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழும். பொறுமையாக இருங்கள், இந்தப் பயிற்சியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

நல்ல தரையிறக்கம் இப்படி இருக்கும். முன்பாதம் முதலில் தரையைத் தொட்டு, குதிகால் மெதுவாகப் பின்தொடர்கிறது. முழங்காலும் இடுப்பும் ஒரே நேரத்தில் மடிகின்றன. முழங்கால் இரண்டாவது கால்விரலின் திசையிலேயே நிற்கிறது, உள்நோக்கிச் சாய்வதில்லை. மார்பு சற்றே முன்சாய்ந்து, பார்வை நேராக இருக்கிறது. இதில் முழங்கால் உள்நோக்கிச் சாய்வதுதான் பெருங்கேடு. முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் கிழிவது பெரும்பாலும் யாரும் மோதாமல், இறங்கும்போதும் திரும்பும்போதும் நேர்கிறது. வளரிளம் பருவத்துச் சிறுமியருக்கு இந்த ஆபத்து சிறுவரைவிடக் கூடுதல் என்பதால், அவர்களுக்கு இந்தக் கட்டத்தை ஒரு வாரம் நீட்டினாலும் தவறில்லை. முன்னால் நின்று பாருங்கள், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சாய்வு தெரியாது.

இன்னொரு வழி காதால் கேட்பது. நான் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஒவ்வொருவராக இறங்கச் சொல்வேன். தட் என்று ஒற்றைச் சத்தமாக விழுந்தால் பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் பட்டிருக்கிறது, முழங்கால் மடியவில்லை. தட்-தட் என்று இரண்டு சத்தம் கேட்டால் ஒரு கால் முந்திவிட்டது. நன்றாக இறங்கியவரின் காலணி மண்ணில் உரசும் மெல்லிய ஒலி மட்டுமே வரும். இரண்டாவது வாரத்திலிருந்து பிள்ளைகளையே நடுவர்களாக்கி, கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்லவைத்தேன். சலிப்பு போன இடம் தெரியவில்லை.

ஒரு நாள் பயிற்சி இப்படி அமையலாம். பாதி வேகத்தில் எம்பி இறங்கி மூன்று நொடி சிலையாக நிற்பது, ஐந்து முறை வீதம் மூன்று சுற்று. 20 செ.மீ. உயரமுள்ள மரப்பலகையிலிருந்து ஒரு காலை முன்னால் நீட்டி, இறங்கி நிலைத்து நிற்பது, அதுவும் ஐந்து வீதம் மூன்று சுற்று. தரையில் வரைந்த கோட்டின்மேல் இரண்டு கால்களும் சேர்த்துப் பக்கவாட்டில் தாண்டி நிலைப்பது, ஆறு வீதம் இரண்டு சுற்று. ஒரு காலிலிருந்து மறுகாலுக்குச் சிறு தூரம் தாவி நிற்பது, காலுக்கு நான்கு வீதம் இரண்டு சுற்று. மொத்தம் 58 தரைத்தொடல்கள். பிளையோமெட்ரிக்கில் சுமையைக் கணக்கிடுவது இந்தத் தரைத்தொடல் எண்ணிக்கையை வைத்துத்தான். தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 50 முதல் 60 வரை என்பதே சரியான அளவு. சுற்றுகளுக்கு நடுவே ஒரு நிமிடம் ஓய்வு.

மூன்றாம் வார முடிவில், பத்து இறக்கங்களில் குறைந்தது எட்டு சத்தமின்றியும் ஆடாமலும் அமைந்தால் அடுத்த கட்டம். இல்லாவிட்டால் இதே கட்டம் தொடரட்டும். ஒரே அணியில் சிலர் முன்னேறி, சிலர் பின்தங்குவது இயல்பு, எல்லோரையும் ஒன்றாக இழுத்துச் செல்ல வேண்டியதில்லை.

ஆறாம் படி: நான்கு முதல் ஆறாம் வாரம் வரை, எம்புதல்

இப்போது முழு வேகத்தில் எம்பலாம். முதலில் கைகள். பிள்ளைகளில் பலர் கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு எம்புகிறார்கள். தாழும்போது கைகள் பின்னால் செல்ல வேண்டும், எம்பும்போது முன்னும் மேலுமாக வீச வேண்டும், பாதம் தரையைவிடும் முன்பே கை தோள் உயரத்தைக் கடந்திருக்க வேண்டும். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே பல பிள்ளைகளின் தாவல் சில செ.மீ. உயர்ந்துவிடும். ஆனால் எதிராளியின் முகத்தில் முழங்கை படாதபடி வீசவும் இப்போதே பழக்கிவிடுங்கள், ஆட்டத்தில் அது ஃபவுல்.

தாழ்ந்து எம்புதல், ஐந்து வீதம் நான்கு சுற்று. நின்ற இடத்திலிருந்து நீளத் தாவி நிலைத்தல், நான்கு வீதம் மூன்று சுற்று. 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள நான்கு தடைகளை இரு கால் சேர்த்து ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டுதல், நான்கு சுற்று. முழங்காலை அதிகம் மடக்காமல் கணுக்காலால் மட்டும் ஸ்பிரிங் போலத் துள்ளுதல், எட்டு வீதம் மூன்று சுற்று. ஒற்றைக் காலில் பக்கவாட்டில் தாவி மறுகாலில் நிலைத்தல், காலுக்கு நான்கு வீதம் இரண்டு சுற்று. ஆறாம் வாரத்தில் இது 88 தரைத்தொடல்கள். நான்காம் வாரத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு சுற்றைக் குறைத்தால் 59 வரும், ஐந்தாம் வாரத்தில் இடைப்பட்ட எண்ணிக்கையில் வைத்துக்கொள்ளுங்கள். தடைக்கு விலைகொடுத்து ஹர்டில் வாங்க வேண்டியதில்லை. இரண்டு தண்ணீர் பாட்டில்களின் மேல் கிடத்திய மெல்லிய பிளாஸ்டிக் குழாய் போதும். கால் தட்டினால் தானே விழுந்துவிட வேண்டும், கட்டிவைக்கக் கூடாது.

முழு வேகத்தில் எம்பும்போது ஒவ்வொரு தாவலுக்கும் இடையே பத்துப் பதினைந்து நொடியும், சுற்றுகளுக்கு இடையே இரண்டு நிமிடமும் ஓய்வு கொடுங்கள். பெற்றோர் சிலர் இதைப் பார்த்து, பிள்ளைகள் பாதி நேரம் சும்மா நிற்கிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டதுண்டு. அவர்களிடம் பொறுமையாக விளக்கியிருக்கிறேன்: மூச்சு வாங்க, வியர்வை கொட்டக் குதித்தால் அது தாக்குப்பிடிக்கும் பயிற்சியாக மாறிவிடும். நரம்பும் தசையும் முழு வேகத்தில் இயங்கப் பழக வேண்டுமென்றால் ஒவ்வொரு தாவலும் புத்துணர்ச்சியோடு அமைய வேண்டும்.

ஏழாம் வாரத்தில் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அவ்வளவுதான். உடல் தேறுவது இந்த வாரத்தில்தான்.

ஏழாம் படி: எட்டு முதல் பத்தாம் வாரம் வரை, ஆட்டத்தோடு இணைத்தல்

இனி இலக்கு தரைத்தொடு நேரம். சூடான தோசைக்கல்லை மிதித்தாற்போலக் காலை எடு என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் உடனே புரிகிறது. கணுக்கால் துள்ளல் பத்து வீதம் மூன்று சுற்று. ஐந்து தடைகள் வரிசையாக, நிற்காமல், நான்கு சுற்று. ஒற்றைக் காலில் மூன்று தொடர் தாவல்கள், ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. தொடர் தாவலில் இரண்டாவது உயரம் முதலாவதைவிட வெகுவாகக் குறைந்தாலோ, குதிகால் தரையில் அறைந்தாலோ, தடையின் உயரத்தைக் குறைத்துவிடுங்கள்.

அடுத்தது ஓடிவந்து எழும்புதல். மரக்கிளையிலோ கோல்கம்பத்திலோ ஒரு பந்தை வலைப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். நான்கைந்து அடிவைப்பில் ஓடிவந்து, கடைசிக்கு முந்தைய அடியைச் சற்று நீட்டி இடுப்பைத் தாழ்த்தி, கடைசி அடியைக் குறுக்கி வேகமாக ஊன்றி, மறுமுழங்காலை மேலே இழுத்து எழும்பிப் பந்தைக் கையால் தொட வேண்டும். காலுக்கு நான்கு முறை. வலக்காலில் மட்டும் எழும்பப் பழகிய பிள்ளைக்கு இடக்கால் முதலில் வராது. இரண்டும் வர வேண்டும், ஏனெனில் பந்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. பின்னர் இருவரை நிறுத்தி, நீங்கள் உயர எறியும் பந்துக்குப் போட்டியிடச் சொல்லுங்கள், ஒரு நாளில் ஆறு முறை மட்டும். இங்கும் பந்தைக் கையால்தான் பிடிக்க வேண்டும். தாவலைக் கற்பதற்குத் தலையில் அடிவாங்கத் தேவையில்லை. அமெரிக்கக் கால்பந்து அமைப்பு பத்து வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ளவர்களுக்கு ஹெட்டரையே தடைசெய்திருக்கிறது. இங்கிலாந்தில் 2020இல் வந்த வழிகாட்டுதலின்படி தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டர் சொல்லித்தருவதில்லை. வளரும் மூளையைக் காப்பது தாவல் உயரத்தைவிட முக்கியம்.

பலகையிலிருந்து இறங்கி உடனே எம்பும் பயிற்சியை 15 வயது நிறைந்து, வேக வளர்ச்சியும் அடங்கி, முந்தைய கட்டங்களைக் குறையின்றி முடித்தவர்களுக்கு மட்டும் தாருங்கள். உயரம் 20 செ.மீ.யில் தொடங்கட்டும், 30 செ.மீ.யைத் தாண்ட வேண்டாம். நான்கு வீதம் இரண்டு சுற்று. அதையும் சேர்த்து இந்தக் கட்டத்தில் ஒரு நாளின் மொத்தம் 90 தரைத்தொடல்கள், மற்றவர்களுக்கு 82. ஆறாம் வாரத்தோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை, தாவலின் வேகமும் கடினமும்தான் கூடியிருக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் கூட்டக் கூடாது.

வலி வந்தால்

தொடையிலும் கெண்டைக்காலிலும் மறுநாள் தோன்றி இரண்டு நாளில் மறையும் தசைவலி இயல்பானது. விரல் நுனியால் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டி இங்கே என்று பிள்ளை சொன்னால், அது எலும்பையோ தசைநாணையோ சார்ந்ததாக இருக்கலாம், அன்றே தாவலை நிறுத்திவிடுங்கள். வீக்கம், நொண்டல், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, மூட்டு பிடித்துக்கொள்வது ஆகியவற்றில் எது இருந்தாலும் எலும்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பிள்ளைகள் அணியில் இடம் போய்விடும் என்ற பயத்தில் வலியை மறைப்பார்கள். பயிற்சிக்கு முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, குனிந்து, மெதுவான குரலில் கேட்டால் உண்மை வரும். வரிசையில் நிற்கவைத்து, வலி இருப்பவர் கை தூக்குங்கள் என்றால் ஒருவரும் தூக்கமாட்டார்கள்.

உணவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இட்லியோ வாழைப்பழமோ, பின்னர் ராகிக் களி, பருப்பு, முட்டை, வேர்க்கடலை என்று வீட்டில் கிடைப்பதே போதும். தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. தேர்வு வாரங்களில் பிள்ளைகள் கண்விழித்துப் படித்துவிட்டு வருவார்கள், அந்த வாரம் தாவலை எடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: மறு அளவும் அதற்குப் பின்னும்

பதினோராம் வாரத்தில், போட்டி முடிந்து இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு, முதலில் அளந்த அதே சுவரில், அதே காலணியில், நாளின் அதே வேளையில் அளக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் பிள்ளை வளர்ந்திருக்கும் என்பதால் நிற்கும் உயரத்தின் குறியையும் புதிதாகவே இடுங்கள். பழைய குறியை அப்படியே வைத்துக் கணக்கிட்டால், வளர்ந்த உயரமெல்லாம் தாவலின் கணக்கில் சேர்ந்துவிடும். கைகளை இடுப்பில் வைத்துச் செய்த இரண்டு தாவல்களுக்கும் உள்ள இடைவெளி அகன்றிருக்கிறதா, வலக்கால் இடக்கால் வேறுபாடு குறைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். உயரம் கூடாவிட்டாலும் இவ்விரண்டும் மேம்பட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த சுற்றில் வலுப் பயிற்சியைக் கூட்ட வேண்டும் என்று நான் முடிவெடுப்பேன். மூன்றிலுமே மாற்றம் இல்லையென்றால் ஓய்வு, தூக்கம், வேக வளர்ச்சி ஆகிய மூன்றையும் பற்றிப் பெற்றோரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

அதன்பின் மூன்று வாரம் தாவலின்றிப் போகட்டும். போட்டிப் பருவம் நடந்துகொண்டிருந்தால் வாரத்துக்கு ஒரு நாள், 40 தரைத்தொடல்கள் போதும், பெற்றதைத் தக்கவைத்துக்கொள்ளலாம். அடுத்த பத்து வாரச் சுற்றைத் தொடங்கும்போது மீண்டும் 20 செ.மீ. பலகையிலிருந்து இறங்கி நிற்பதிலிருந்தே தொடங்குங்கள். சென்ற சுற்றில் முழு வேகத்தில் தாவிய பிள்ளைகளுக்கும் இதில் விலக்கு இல்லை. பழகியவர்களுக்கு மூன்று வாரத்துக்குப் பதில் ஒரு வாரம் போதும்.

சுவரில் இட்ட குறிகளைத் தேதியோடு பெயின்ட்டால் எழுதிவைத்துவிட்டேன். பயிற்சி இல்லாத நாள்களிலும் பிள்ளைகள் வந்து, காலணியைக் கழற்றிவிட்டு, அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.